காற்றை நிறுத்திக் கேட்டவள்

"பொறுன்னு சொன்னது யாரு? நானா?"

"பொறுன்னுதான் சொன்னேன். விடிய விடிய நிறுத்தி வைன்னு சொன்னேனா? அதுக்கும் இதுக்கும்..."

"என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டு தடவை வந்து வாசல்ல நின்னேன். 'அக்கா, காத்தைப் போடட்டுமா'ன்னு கேட்டேன். முதல் தடவை வாயால சொன்னே. ரெண்டாம் தடவை அதுவும் இல்ல, கையைக் காட்டினே, ஏதோ வண்டியை நிறுத்தற மாதிரி..."

"சுவிட்ச் யாரு கையில இருந்துச்சு? பன்னிரண்டு நிமிஷம்னு உன் மூக்குக்கு நேரா சுவத்துல எழுதி ஒட்டியிருக்கு. அதைப் படிக்காம என் கையைப் படிக்கச் சொன்னது யாருடா?"

"எட்டு வருஷமா அதைத்தானே படிக்கறேன்! 'நீ மோட்டாரைப் பாரு, மீனை நான் பாத்துக்கறேன்.' இதே வாய்தானே சொல்லிச்சு?"

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே! செத்த மீனை வண்டியில ஏத்திக் கொண்டுபோய்ப் புதைச்சதே அவங்கதான். நாம சொல்லித்தான் தெரியணுமா?"

தம்பி மனைவி இரண்டு தட்டுகளையும் டங்கென்று மேஜையில் வைத்தாள். "பத்தரைக்கு விசாரணை. அங்க பேசறதுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க. எல்லாத்தையும் இங்கயே கொட்டித் தீத்துட்டா அங்க போய் ரெண்டு பேரும் பேந்தப் பேந்த முழிக்கணும்."

இரண்டு பேரும் தட்டை இழுத்துக்கொண்டார்கள். சாப்பிடவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தம்பி நாற்பதைத் தொட இன்னும் இரண்டு வருஷம். இரண்டு பேருக்கும் வேலை ஒரே மீன் பண்ணையில். இருப்பது பண்ணை கொடுத்த இரண்டு அறை வீட்டில். அந்த வீடு அக்காவின் வேலையை வைத்துக் கொடுத்தது. அவள் வேலை போனால் வீடும் போகும். தம்பி வேலை போனால் வீடு இருக்கும், ஆனால் இந்த எட்டு வருஷமாகத்தான் எழுந்து நடமாடுகிற ஒரு மனுஷன் பழையபடி படுத்துவிடுவான். இங்கே வருவதற்கு முன்னால் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு வருஷத்தில் அவன் எப்படிக் கிடந்தான் என்று அக்காவுக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். இன்று போகப்போவது அவன் வேலைதான் என்று பண்ணை முழுக்கப் பேச்சு.

அக்காவின் வேலை கேட்பது. வேறு எப்படிச் சொன்னாலும் யாருக்கும் புரிவதில்லை. முட்டைக்காக வளர்க்கும் தாய்மீன்கள், ஆணும் பெண்ணுமாக, பெரிய வட்டத் தொட்டியில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம், சிலது அதைப்போல இரண்டு மடங்கு. அந்த ஜாதி மீனில் ஆண்கள் பேசும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அடித்து, தூரத்தில் யாரோ பொறுமையாக மேளம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பும். ஜோடி சேரும் காலம் வந்தால், தொட்டிக்கு மேலே விளக்கை மங்கவைத்ததும் ஒன்று ஆரம்பிக்கும், இன்னொன்று பதில் சொல்லும். அந்தச் சத்தம் நீண்டுகொண்டே போய்ச் சட்டென்று நின்றால் முட்டை விழப்போகிறது என்று அர்த்தம். தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இதைக் கேட்டு நேரத்தைச் சொல்வதும் கருவியில் பதிவு செய்வதும் அவள் பொறுப்பு. அவள் சொன்னால் வலைக்காரர்கள் ஓடி வருவார்கள். ஒன்பது வருஷத்தில் அவள் சொல்லி முட்டை விழாத நாள் இரண்டோ மூன்றோதான்.

பண்ணையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இல்லை. 'காது' என்றால் அவள்தான். "காது வந்தாச்சா?" "காதுகிட்டக் கேளு." வலைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "என்ன தரகரம்மா, மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்றாங்க?" என்பார்கள். "பொண்ணு கருப்பா இருக்காம், யோசிக்கறாங்க" என்பாள் இவள்.

கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு. தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டார் ஓடினால் குமிழிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் காற்றை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். நிறுத்தினால் மீனுக்கு மூச்சு முட்டும். அதற்குத்தான் பன்னிரண்டு நிமிஷக் கணக்கு. நிறுத்துவதும் போடுவதும் தம்பி. பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவன்.

மூன்று நாளுக்கு முன்னால் சாயங்காலம் அந்தக் கணக்கு எழுபது நிமிஷமானது. தொட்டியில் இருந்த முப்பத்தாறில் முப்பத்தொன்று வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"அண்ணி," என்றாள் தம்பி மனைவி, குரலைத் தணித்து. "அந்தப் பதிவு பண்ற மெஷின் உங்ககிட்டதானே இருக்கு?"

"பையில இருக்கு."

"அதுல என்ன இருக்கோ அது இல்லாமப் போச்சுன்னா, காதும் காதும் வெச்ச மாதிரி..."

"அது இல்லாமப் போனா உன் வீட்டுக்காரன் தலைதானே உருளும்? அவன் வந்து நின்னதுக்கு அது ஒண்ணுதான் ஆதாரம். இத்தனை நேரம் நான் ஏன் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு அதைக் கேட்டாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டுப் பையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள். அந்த எழுபது நிமிஷத்தை மூன்று நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு இடம் வந்தால் மட்டும், தெருவில் கடன்காரனைப் பார்த்த மாதிரி, ஒதுங்கிப் போய்விடுகிறாள்.

தம்பி எழுந்தான். "ஆதாரமாம், ஆதாரம். வாயைத் திறந்து சொன்னாப் போதாதா?" செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். பண்ணை வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மேனேஜர் அறையில், அவர் மேஜைக்கு எதிரே மூன்று நாற்காலி போட்டிருந்தது. வெளியிலிருந்து வரவழைத்திருந்த மீன் டாக்டரம்மா ஒன்றில் உட்கார்ந்து தொட்டித் தண்ணீர் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். வயசு முப்பத்தைந்து இருக்கும். பேச்சில் அவசரம் கிடையாது.

மேனேஜருக்கு அவசரம் இருந்தது. "இதுல பெரிசா ஒண்ணும் இல்ல டாக்டர். ரெண்டாம் தொட்டியில விரிசல். அந்த மீனையும் முதல் தொட்டியில விட்டோம். கூட்டம் ஜாஸ்தி. அன்னிக்குப் பார்த்து இவர் காத்தைப் போட மறந்துட்டார். பதிவேட்டுல கையெழுத்து இவரோடது." அக்கா பக்கம் திரும்பி, "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்காது. கூப்பிட்ட மரியாதைக்கு உக்காருங்க."

டாக்டரம்மா தம்பியைப் பார்த்தார். "பன்னிரண்டு நிமிஷம் எப்படி எழுபது நிமிஷமாச்சு?"

தம்பி நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

இப்போது சொல்லுவான் என்று அக்கா நினைத்தாள். காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினதை இங்கே நாலே வார்த்தையில் சொன்னால் முடிந்தது. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். தரையைப் பார்த்தான்.

"மறந்துட்டேங்க," என்றான்.

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. வீட்டுக்குள் அவளைக் கிழி கிழியென்று கிழிப்பான். வெளி ஆள் முன்னால் விட்டுக்கொடுக்க மட்டும் அவனுக்கு வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அது தெரிந்திருந்தும், வேலை போகிற இடத்திலும் அதையே செய்வான் என்று அவள் நினைக்கவில்லை.

"மறந்துட்டீங்க. எழுபது நிமிஷமும்?"

"ரெண்டாம் தொட்டி விரிசலை அடைக்கப் போனேன். அந்த வேலை மும்முரத்துல..."

"பாத்தீங்களா," என்றார் மேனேஜர், பேனா மூடியைக் கழற்றியபடி.

"பொய் சொல்றான்," என்றாள் அக்கா.

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தம்பிகூட.

"அவன் மறக்கல. ரெண்டு தடவை வந்து கேட்டான். நான்தான் பொறுன்னு சொன்னேன். அவனுக்கு மீனைப்பத்தி ஒண்ணும் தெரியாது. நான் சொன்னாக் கேப்பான், அவ்வளவுதான்."

"அக்கா, சும்மா இரு."

"நீ சும்மா இருடா. இவ்வளவு நேரம் சும்மா இருந்து கிழிச்சது போதும்." டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "ஆறு வாரமா ஒரு சத்தமும் இல்லம்மா. ஊமைத் தொட்டி. இனிமே ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்கணும், கேக்கற அறையைத் தீவனம் வெக்கற அறையா மாத்தப்போறோம்னு இவர் சொல்லிட்டார்."

"அது வேற விஷயம்," என்றார் மேனேஜர்.

"எனக்கு அது வேற விஷயம் இல்லீங்க. அன்னிக்குத்தான் அந்தத் தொட்டி மீனும் இந்தத் தொட்டி மீனும் ஒண்ணாச் சேர்ந்துச்சு. காத்தை நிறுத்தின நாலாவது நிமிஷம் மேளம் கேட்டுச்சு. புது முகத்தைப் பாத்ததும் பேச ஆரம்பிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். இப்ப காத்தைப் போட்டா கலைஞ்சு போயிடும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு... எல்லாம் இதுல இருக்கு." பையிலிருந்து கருவியை எடுத்து மேஜையில் வைத்தாள். "கேட்டுப் பாருங்க."

டாக்டரம்மாவின் முகம் இளகியது. "இந்தத் தப்பு யாருக்கும் நடக்கும்மா," என்றார். கருவியை மேஜை ஒலிபெருக்கியோடு இணைத்தார். "முழுசாக் கேட்டுடலாம். அவசரமா?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

முதலில் வெறும் தண்ணீர். எங்கோ ஒரு மீனின் துடுப்பு உரசும் சத்தம். பிறகு மேளம். டும், டும், டும், டும்... சீராக, விடாமல். இன்னொன்று அதற்குள் நுழைந்தது. மூன்றாவது ஒன்று. தம்பிக்கு வாய் திறந்துகொண்டது. எட்டு வருஷமாக இந்த மீன்களுக்குக் காற்று கொடுத்தவன், ஒரு நாளும் அவை பேசிக் கேட்டதில்லை. கேட்கும் அறைக்குள் ஒரு ஹெட்போன்தான் உண்டு.

"இதுவா? இதைத்தான் தினமும் கேக்கறியா?" என்று முணுமுணுத்தான். அவன் குரலில் கோபம் இல்லை. அவள் தலையாட்டினாள். அந்த ஒரு நொடிக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"நல்ல சத்தம்," என்றார் டாக்டரம்மா. "பதிமூணு, பதினாலு நிமிஷம் வரைக்கும் சந்தேகமே இல்ல. ஜோடிச் சத்தம்தான்."

பதினைந்தாவது நிமிஷம் கேட்கும் அறைக் கதவு திறக்கும் அதிர்வு லேசாகக் கேட்டது. முதல் தடவை அவன் வந்து நின்றது.

இருபதுக்குப் பக்கத்தில் மேளம் குறைந்தது. அது இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. உக். சற்று இடைவெளி. உக், உக். இறுகிய கதவை யாரோ தோளால் முட்டுகிற மாதிரி, தாளம் இல்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக. கொஞ்ச நேரத்தில் எல்லாப் பக்கமும் அதுவே.

டாக்டரம்மா தாளைக் கீழே வைத்தார்.

"இது..." என்றான் தம்பி. தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். எடை போடும் நாளில் மீனை வலையிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்திருப்பவன் அவன்தான். பிடித்ததும் அதன் வயிறு அவன் உள்ளங்கையில் இப்படித்தான் அதிரும். அந்த அதிர்வுக்கு இப்படி ஒரு சத்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. "இது பிடிச்சா போடற சத்தம் இல்ல?"

"ஆமா," என்றார் டாக்டரம்மா. "விடு, விடுன்னு கேக்கற சத்தம். காதுக்குப் புதுசா இருந்தா ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் தோணும்." காதுக்குப் புதுசா என்ற வார்த்தை அறையில் அப்படியே நின்றது. ஒன்பது வருஷக் காது எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

அக்கா மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வரப்போகும் இடம் அவளுக்குத் தெரியும். வேண்டாம், நிறுத்துங்கள் என்று எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். உட்கார்ந்தே இருந்தாள்.

இருபத்தெட்டாவது நிமிஷம். முட்டும் சத்தம் உச்சத்தில் இருந்தபோது, யாரோ போர்வையைப் போட்டு மூடின மாதிரி எல்லாம் சட்டென்று அடங்கித் தூரத்துக்குப் போயிற்று. சத்தம் நிற்கவில்லை. சிறுத்துப்போயிற்று, அவ்வளவுதான்.

"இங்க என்ன ஆச்சு?" டாக்டரம்மா பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மறுபடியும் அதே இடத்தில் அடங்கியது. "மீன் அடங்கினா இப்படி ஒரே நேரத்துல அடங்காதே."

அந்த நேரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காதுக்குள் முட்டின முட்டலில் அவள் உடம்பு தானாக நிமிர்ந்தது. இது மேளம் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கத்தியிருக்கலாம். அவள் கை கருவியிலிருந்த குமிழுக்குப் போயிற்று. அதைத் திருகினால் காதுக்கு வரும் சத்தமும் பதிவாகும் சத்தமும் சேர்ந்தே குறையும். குறைத்தாள். சின்னதாகக் கேட்டபோது அது மறுபடி மேளம் மாதிரி இருந்தது. மேளம்தான், மேளம்தான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தம்பி இரண்டாம் தடவை வந்து நின்றபோது திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையைக் காட்டினாள்.

"பாட்டரி இறங்கியிருக்கும்," என்றாள்.

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். தம்பியின் தலை மெல்ல உயர்ந்தது.

மீதி நேரத்தையும் கேட்டார்கள். போர்வைக்கு அடியில் முட்டல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஐம்பதாவது நிமிஷத்தில் நாலைந்துதான். அறுபத்தொன்றில் ஒன்றே ஒன்று, நீண்ட இடைவெளி விட்டு, மூன்று தடவை. அதற்கப்புறம் தண்ணீர் மட்டும். அந்த வெறுமையைத்தான் அன்றைக்கு அவள் முட்டை விழும் நேரத்து மௌனம் என்று சொல்லிக்கொண்டு, கையில் சின்ன வலையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். எழுபதாவது நிமிஷம் காற்று மோட்டார் எழுந்து ஒலிபெருக்கி அலறியது. மேனேஜர் திடுக்கிட்டு அதை அணைத்தார்.

"மோட்டார்காரர் மேல தப்பு இல்ல," என்றார் டாக்டரம்மா, எழுதியபடியே. "விதியை மீறினதுக்கு ஒரு எச்சரிக்கை கொடுங்க, போதும். கேட்டவங்க ரெண்டு சத்தத்தையும் குழப்பிக்கிட்டாங்க. ஆனா கேக்கற முறை தப்பு இல்ல. அந்தக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிஷமே ஜாஸ்தி. காத்தை நிறுத்தாம கேக்கற மைக் வந்திருக்கு, வாங்கிப் போடுங்க."

"எதுக்கு டாக்டர்? கேக்கறதுக்கு மீன் எங்க இருக்கு?" மேனேஜர் அக்காவைப் பார்த்து, குரலில் கொஞ்சம் மரியாதையைக் கூட்டிக்கொண்டார். "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்மா. வீட்டை இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. உண்மையைச் சொன்னீங்க, அது பெரிய விஷயம்."

அவள் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். கருவியை மேஜையிலேயே விட்டுவிட்டாள். அது பண்ணையுடையது.

வெளியே தொட்டிக் கொட்டகையின் பக்கமாக வந்தார்கள். பிழைத்த ஐந்து மீன்களுக்காகக் காற்று முழு வேகத்தில் போட்டிருந்தது. நீர் முழுக்க வெள்ளை நுரை. வலைக்காரர் ஒருவர் இவர்களைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடப் போகிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டைப்பற்றி யாரும் கேட்கவில்லை.

"உன் வேலை போகல," என்றாள் அக்கா. "அது போதும் எனக்கு. வேற வீடு பாத்துக்கலாம். உன் பொண்டாட்டிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

தம்பி நின்றுவிட்டான்.

"வாடா, வெயில்ல என்ன நிப்பு?"

அவன் நடக்கவில்லை. அவன் இரண்டு கையும் இன்னும் கொஞ்சம் விரிந்த மாதிரியே இருந்தன, எதையோ பிடித்துக் கீழே வைக்க இடம் தெரியாதவனைப்போல.

"என்னடா? ஏன் அப்படிப் பாக்கறே? எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கிட்டேன். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"புது பாட்டரிக்கா," என்றான் தம்பி. "அன்னிக்குக் காலையில நான்தான் போட்டேன். அது இறங்கல. உள்ள அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. இங்க யாரும் இல்ல, எனக்கு மட்டும் சொல்லு. சத்தத்தை எதுக்குக் குறைச்சே?"